விஜயராணியின் துணிகள்

அரிப்பு எடுத்த இடத்தில் வெந்நீர் ஊற்றக் கூடாது, ஸார். ஊற்றும்போது சுகமாகத்தான் இருக்கும். பிறகு இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்கும். பச்சைத் தண்ணீரால் தேய்க்காமல் கழுவ வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். விஜயராணிக்கு நானே வெட்டிவிடுவேன், கால் நகம் உட்பட. தமிழிலேயே சொல்லலாம் என்று நீங்கள் சொன்னதால் முதலிலிருந்தே சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

என் பெயர் தளவாய். தாராவியில் லாண்டரி வைத்திருக்கிறேன். வீட்டில் என் மனைவி விஜயராணியின் துணியையும் நான்தான் துவைப்பேன். எங்கள் சந்தில் இது பெரிய அதிசயம். பெண்டாட்டி சேலையைப் பிழிகிறான் என்று ஆண்கள் கிண்டலடிப்பார்கள். பெண்கள் பொறாமைப்படுவார்கள். பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள் என் முன்னாலேயே அவளிடம் சொல்வாள்: "ஏட்டி விஜயராணி, நீ குடுத்து வச்சவ. எங்க வீட்டுல கெடக்காரே ஒரு மனுசன், குடிச்ச டம்ளர எடுத்து வைக்க மாட்டாரு." விஜயராணி சிரிப்பாள். எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும்.

மாட்டுங்காவில் ஒரு பியூட்டி பார்லரில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். நான் தடுக்கவில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கறுப்பு டீ-ஷர்ட்தான் யூனிஃபார்ம். தினமும் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுத்தேன். அவள் ரயில் ஏறிப் போய்வந்தாள். வரும்போது வேறு வாசனை. அங்கே கூட வேலை பார்க்கும் அஃப்ஷா என்ற பெண் என்ன சொன்னாள், எப்படிச் சிரித்தாள் என்றே பேச்சு. சோறு போடும்போதும் அதே பேச்சு. நான் கோபப்படவில்லை. பயந்தேன். சிரித்துக்கொண்டு வெளியே போகிறவள் ஒருநாள் அங்கேயே இருந்துவிடுவாளோ என்று பயந்தேன்.

முதலில் கழுத்தின் பின்பக்கம் தடித்தது. பிறகு சிவந்து, கொப்புளம் கட்டி, நீர் கோத்தது. எதனால் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கருவாடு என்றாள் அவள் அம்மா. ரயில் சீட் என்றாள் முப்பிடாதியம்மாள். டாக்டர் சோப்பை மாற்றச் சொன்னார், மாற்றினேன். பார்லரில் தலைக்குப் பூசும் சாயமாக இருக்கும் என்று நான் சொன்னேன். அங்கே யாராவது உன்மேல் வயிற்றெரிச்சல் படுகிறார்களா என்றும் கேட்டு வைத்தேன். அவள் யோசிக்க ஆரம்பித்தாள். யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். ஈரத் துணியால் ஒற்றி, காலமைன் தடவுவேன். காய்ந்து இழுத்தால் மேலே லேசாகத் தேங்காய் எண்ணெய். உடம்பு மெல்லத் தளரும். "நீங்க இல்லன்னா நான் என்ன ஆவேன்" என்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதற்கு முன்பு அவள் அப்படிச் சொன்னதே இல்லை. அந்த வார்த்தையைக் கேட்க நான் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்திருக்கிறேன்.

நீங்கள் கேட்பதற்கு வருகிறேன். சனிக்கிழமை தோறும் கடை வாசலில் கண்ணேறு படாமலிருக்க எலுமிச்சை மிளகாய்ச் சரம் கட்டுகிறோமே, அதன் அடியில் கறுப்பாக ஒரு கொட்டை கோத்திருப்பார்கள். இங்கே பிப்பா என்பார்கள். எங்கள் பக்கம் சேராங்கொட்டை. முன்பெல்லாம் சலவைக்காரர்கள் அதன் பாலால்தான் துணியில் குறி போடுவார்கள். சிலருக்குக் குறி பட்ட இடம் வெந்துவிடும். அதனாலேயே நான் மார்க்கர் பேனாவுக்கு மாறிவிட்டேன். தொழிலில் நான் யார் தோலையும் கெடுத்ததில்லை, ஸார். கறுப்பு டீ-ஷர்ட்டின் கழுத்துப் பட்டைக்குள் ஒரு புள்ளி வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. தொடுவதற்கு முன் கையில் நன்றாக எண்ணெய் பூசிக்கொள்வேன். என் கையைப் பாருங்கள், ஒரு தழும்பு இல்லை.

கழுத்தைப் பார்த்துவிட்டு வாடிக்கைக்காரிகள் அவளிடம் முகத்தைக் கொடுக்கத் தயங்கினார்கள். வேலையை விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அந்த அஃப்ஷா விடவில்லை. "தீதி, யூனிஃபார்ம் கர் மத் லே ஜாவ், இதர் ஹீ தோலோ" என்றாளாம், யூனிஃபார்மை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள் அக்கா, இங்கேயே துவைத்துக்கொள்ளுங்கள் என்று. அவள் பேச்சைக் கேட்டு விஜயராணி டீ-ஷர்ட்டைப் பார்லரிலேயே துவைத்து, அங்கேயே காயப்போட்டாள். கொப்புளம் வற்றி, தோல் உரிந்து, புண் ஆறிக்கொண்டே வந்தது. எனக்குக் கவலையாகிவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் மடித்து வைத்த ஜாக்கெட்டை அவள் எடுத்து உட்புறம் திருப்பிப் பார்ப்பாள். மூக்கருகே கொண்டுபோவாள். என்ன தேடுகிறாய் என்றால், "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்பாள். தன் துணியைத் தானே துவைத்து முப்பிடாதியம்மாள் வீட்டுக் கொடியில் காயப்போட்டாள். சந்து முழுக்கப் பார்த்தது. எனக்கு ரொம்ப வருத்தம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லை. கட்டிய புருஷனைச் சந்தேகப்படும் அளவுக்கு ஒருத்தி அவள் மனதைக் கெடுத்துவிட்டாளே என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் பையை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்: "நானும் அஃப்ஷாவும் அம்பர்நாத்துல சொந்தமா பார்லர் போடப் போறோம். நாளைக்குக் காலைல கெளம்புறேன். அக்கா வீட்டுல இருந்துக்கிடுவேன்." எப்போது வருவாய் என்றேன். "பாப்போம்" என்றாள். அவ்வளவுதான். துணி எல்லாம் பைக்குள் போய்விட்டது. காலையில் முகம் துடைக்கும் டவல் மட்டும் கதவுக்குப் பின்னால் தொங்கியது.

அன்று ராத்திரி என் கடை பூட்டியிருந்தது. கொட்டைக்கு எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டு நிலையிலேயே சரம் தொங்கியது. கழுத்துப் புண் மோசமாக இருந்தபோது அவளே கேட்டு வாங்கி, ஸ்டூலில் ஏறி, தன் கையால் கட்டியது. இத்தனை நாளும் ஒரு புள்ளிதான் வைத்தேன். அன்றைக்கு டவலின் பூ வேலைப்பாடு முழுக்க வைத்தேன். நாலு நாள் முகம் வீங்கும், பயணம் நின்றுபோகும், நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வேன். என் கணக்கு அவ்வளவுதான்.

அவள் கண்ணை அழுத்தித் துடைப்பாள் என்று எனக்குத் தெரியும், ஸார். தினமும் அப்படித்தான் துடைப்பாள். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் மத்தியானத்துக்குள் இரண்டு இமையும் ஒட்டிக்கொண்டன. டாக்ஸி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதும் நான்தான். தேடி வந்த அஃப்ஷா, டவலைப் பிளாஸ்டிக் பையில் போட்டு உங்களிடம் கொடுத்தாளாம். கெட்டிக்காரி. இடது கண்ணில் பார்வை திரும்புவது கஷ்டம் என்கிறார்கள். நான் எண்ணெய் புட்டியோடு வார்டு வாசலில் நின்றேன். என் குரல் கேட்டதும் அவள் கட்டிலில் சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டாள். கண் தெரியாத பயம், பாவம்.

நீங்கள் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். செய்தது நான்தான். ஒன்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள், ஸார். அங்கே ஆஸ்பத்திரியில் அவள் துணியை யார் துவைக்கிறார்கள்? கண்டவர்கள் கை பட்டால் அவள் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது.