மிஸ்ஸியின் தொண்டை அடைத்த வாரம்

தம்பலாவெளித் தோட்ட ஆஸ்பத்திரியின் மருத்துவமாது
திருமதி யோகம்மா சிற்றம்பலம் அவர்கள்
முப்பது ஆண்டு சேவையின் பின் ஓய்வு பெறும் நன்னாளில் வாசித்தளித்த பாராட்டு மடல்
2008

ஊவா மலைச்சாரலில் உதித்த உயிர்களையெல்லாம் உள்ளங்கையில் ஏந்திய உத்தமியே! பனி படர்ந்த பாதையிலும் பாசி படர்ந்த படிகளிலும் பாதம் பதித்து, பை சுமந்து, பசி மறந்து பணி செய்த பண்பின் பெட்டகமே! வடமராட்சி மண் வளர்த்தெடுத்து, வரிசை வரிசையான எங்கள் லய வீடுகளுக்கு வழங்கிய வாடா மலரே! தாய்மாருக்குத் தாயாகி, சேய்களுக்குச் செவிலியாகி, சோர்ந்தவர்க்குச் சுடுநீரும் சொல்லும் தந்த எங்கள் மிஸ்ஸியே! வணக்கம், வணக்கம்!

மேலேயுள்ள நான்கு வரிகளை எழுதி முடிக்க எங்களுக்கு ஒரு கிழமை பிடித்தது. இதற்கு மேலும் முகத்துக்கு நேரே புகழ்ந்தால், "சரி, சரி, காணும். எல்லாரும் போய் வேலையைப் பாருங்கோ" என்று நீங்கள் மாலையோடு எழும்பிப் போய்விடுவீர்கள். போன வருடம் ஆசிரியர் தினத்தில் பாடசாலைக்காரர் பொன்னாடை போர்த்த வந்தபோது அப்படித்தான் போனீர்கள். ஆகவே இனி வருவதை யாரோ ஒரு மருத்துவமாதுவின் கதை என்று நினைத்துக்கொண்டு அமர்ந்திருங்கள். இதில் பாதியை நீங்களே ஆஸ்பத்திரிக் குசினியில் தேநீர் குடித்தபடி எங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். மீதியை, கதையில் பின்னால் வரும் வேலாயி அக்கா சொன்னார். கதைக்கு உரியவரான விஜயலெட்சுமியிடம் இதை எழுதலாமா என்று கேட்டோம். "பேரோட எழுதுங்க" என்றார். எழுதிவிட்டோம்.

அந்த அம்மா யாழ்ப்பாணத்து நெல்லியடியில் பிறந்தவர். கணவர் சிற்றம்பலம் பதுளையில் அரசாங்க உத்தியோகம் பார்த்ததால் 1978இல் மலையேறி வந்தார். வந்த முதல் வருடமே தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது, எல்லோரும் மிஸ்ஸி என்று அழைக்கும் இந்த மருத்துவமாதுவுக்குக் கை மெல்லியது, குரல் பெரியது என்று. பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணின் நெற்றியை அவர் தடவும் தடவலில் பாதி வலி போய்விடும். பால் சுரக்காத தாய்க்குத் தன் வீட்டுப் பால்மாப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஆனால் கொடுக்கும்போதே அந்த லயம் கேட்க ஏசிவிட்டுத்தான் கொடுப்பார். மேல் லயத்தில் அவர் வாயைத் திறந்தால் கீழ் லயத்துக் கோழி கூட்டுக்குள் ஓடி அடையும் என்று பகிடி சொல்வார்கள்.

புதன்கிழமை கிளினிக் நடத்துவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கர்ப்பிணிகள் விறாந்தையில் நீள வாங்கில் அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொருத்தியாக முன்னால் வர, மற்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படியாகவே மிஸ்ஸி விசாரிப்பார், ஏசுவார். ஒருத்திக்கு விழும் ஏச்சில் பத்துப் பேருக்குப் புத்தி வரும், நேரமும் மிச்சம் என்பது அவர் கணக்கு. ஏச்சு வாங்கியவள் "சரிங்க மிஸ்ஸி" என்று தலையைக் குனிந்துகொண்டு போவாள். சொன்னது மண்டையில் ஏறிவிட்டது என்று மிஸ்ஸிக்குத் திருப்தியாக இருக்கும்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் குரலும் அப்படித்தான் போலும். தான் அன்பானவள் என்பது அவருக்குத் தெரியும், அது உண்மையும்கூட. எனவே ஊருக்கும் அது தெரிந்திருக்கும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

தோட்டத்தின் மேற்பிரிவில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் விஜயலெட்சுமிக்கு மயூரி என்று ஒரு பெண் பிள்ளை. அடுத்த பிள்ளை 1995இல் வயிற்றிலேயே இறந்து பிறந்தது. பிரஷர் ஏறியதுதான் காரணம். உடம்பு தேறிக் கிளினிக்குக்கு வந்தவளிடம், வாங்கு நிறையப் பெண்கள் இருக்கும்போதே மிஸ்ஸி கேட்டார்:

"தலையிடி, கால் வீக்கம் எண்டால் உடனே வாவெண்டு எத்தினை தரம் சொன்னனான்? நேரத்தோட வந்திருந்தால் பிள்ளையைக் காப்பாத்தியிருக்கலாமெல்லே? உன்ர கவலையீனந்தான்!"

"சரிங்க மிஸ்ஸி" என்றாள் விஜயலெட்சுமி. அதற்குப் பிறகு அவள் கிளினிக் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. மிஸ்ஸிக்கு இருந்த வேலைக்குள் அதைக் கவனிக்க நேரமிருக்கவில்லை.

மறு வருடம் கார்த்திகை மழையில் மிஸ்ஸிக்குத் தொண்டை அடைத்தது. ஊரையே அதட்டிய குரல் ஓட்டைப் புட்டுக்குழாயின் ஆவி போலப் புஸ் என்று வந்தது. பதுளை டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு வாரம் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் குரல் நிரந்தரமாகப் போய்விடும் என்று பயம் காட்டி அனுப்பினார். அந்த வாரம் சிற்றம்பலம் ஐயாவின் முகத்தில் ஒரு தனிக்களை இருந்ததாகக் கேள்வி. அவர் இந்தச் சபையில் இருப்பதால் அதை நாங்கள் விரித்துரைக்கவில்லை.

குரல் இல்லாத மிஸ்ஸி அப்போதும் வேலைக்கு வந்தார். ஒரு பகலில் மேற்பிரிவுக்குப் போன வழியில் மழை பிடித்துக்கொள்ள, பிள்ளைக்காம்பராவுக்குள் ஒதுங்கினார். கொழுந்துக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலாயி அக்கா அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். வழக்கமாக மிஸ்ஸி வருவது அரை மைலுக்கு முன்பே காதில் விழுந்துவிடும். அன்று அவர் வந்து கதவோரம் அமர்ந்ததைப் பிள்ளைகள் கவனிக்கவில்லை.

அவர்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். துவாரகா என்ற ஒரு சிறுமி தோளில் துணிப்பையை மாட்டிக்கொண்டு, இடுப்பில் கையை ஊன்றி, கழுத்தை நீட்டி நடந்து வந்தாள். "ஏன் பிந்தி வந்தனி? காதுக்குள்ள பஞ்சே வச்சிருக்கிறாய்?" என்று கத்தினாள். யாழ்ப்பாணத்துப் பேச்சு அச்சொட்டாக இருந்தது. மிஸ்ஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடையைக்கூட எப்படிப் பிடித்திருக்கிறது இந்த வாண்டு என்று ரசித்தார்.

துவாரகா விரலை நீட்டியபோது எதிரே இருந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரித் தலையைக் குனிந்து, "சரிங்க மிஸ்ஸி" என்றார்கள். மிஸ்ஸியின் சிரிப்புப் பாதியில் நின்றது. அந்தக் குனிந்த தலைகளை அவர் பதினெட்டு வருடமாகப் பார்த்திருக்கிறார். அது மரியாதை என்று நினைத்திருந்தார். அந்தப் பிள்ளைகளுக்கு நடிக்கத் தெரிந்தது மரியாதை அல்ல.

மூலையில் மயூரி ஒரு சாக்குத் துண்டை வயிற்றைச் சுற்றி, கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டுவதைப் போல இழுத்து இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தாள். "நீ ஏன்டி வரல?" என்று துவாரகா கேட்டாள்.

"நான் அம்மா. அம்மா இப்புடித்தான் கட்டுவாங்க. வயித்துல பாப்பா இருக்குல்ல, மிஸ்ஸி கண்டா ஏசுவாங்க" என்று சொல்லிவிட்டு மயூரி கதவுக்குப் பின்னால் ஒளிய ஓடி வந்தாள். கதவுக்குப் பின்னால் மிஸ்ஸி இருந்தார்.

பிள்ளை வீரிட்டது. வேலாயி அக்கா பதறிப்போய் ஓடிவந்து, "சின்னதுங்க தெரியாம வெளாடுதுங்க மிஸ்ஸி, கோவிச்சுக்காதீங்க" என்று கும்பிட்டார். மிஸ்ஸி கையமர்த்தினார். டாக்டர் சொன்னதையும் மறந்து, காற்றாக வந்த குரலில் கேட்டார்:

"வேலாயி, நான் இப்பிடியே கதைக்கிறனான்?"

வேலாயி அக்கா சேலைத் தலைப்பை முறுக்கினார். மழையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஆமாங்க மிஸ்ஸி. நீங்க நல்லவுங்கதாங்க. ஆனா நல்லவுங்கன்னு தெரியிறதுக்கு முன்னாடியே பயம் வந்துருதுங்க."

குரல் மட்டும் இருந்திருந்தால் அப்போதே கொழுந்து மலைக்கு ஏறிப்போய், அத்தனை பேருக்கு நடுவிலும் விஜயலெட்சுமியை வெளுத்து வாங்கியிருப்பேன் என்று மிஸ்ஸியே எங்களிடம் சொல்லியிருக்கிறார். முந்தைய பிள்ளையைப் பிரஷர் கொண்டுபோனவள், இந்த வயிற்றை யாரிடமும் காட்டாமல் கட்டிக்கொண்டு மலையில் நிற்கிறாள் என்றால் தாய்க்கே ஆபத்து. கத்த முடியாததால் அவர் பின்னேரம் அவள் வேலை விட்டு வரும்வரை காத்திருந்து, லயத்துக்குப் போனார்.

விஜயலெட்சுமியின் கணவன் நிமலன் திகைத்துப்போய் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். மிஸ்ஸி அமர்ந்தார். விஜயலெட்சுமி அடுப்பின் பக்கமே திரும்பிக்கொண்டு, எரிகிற நெருப்பை ஊதிக்கொண்டேயிருந்தாள்.

வாய் சும்மா இருந்ததால் கண்ணுக்கு வேலை வந்தது. அவளுடைய கணுக்கால்கள் மினுமினுவென்று வீங்கியிருந்ததை மிஸ்ஸி கண்டார். விரலில் ஏறாத மோதிரத்தைத் தாலிக்கயிற்றில் கோத்திருந்ததைக் கண்டார். ஊதுவதை நிறுத்தி நிறுத்தி அவள் நெற்றியை அழுத்திக்கொள்வதைக் கண்டார். இந்த வீட்டுக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறார். வந்ததும் பேச ஆரம்பித்து, பேசி முடித்ததும் எழுந்து போயிருக்கிறார். இவளை இப்படி உட்கார்ந்து ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

தேநீர் வந்தது. குடித்தார். அப்போதும் பேசவில்லை. கடைசியில் விஜயலெட்சுமியால் தாங்க முடியவில்லை.

"ஏசுங்க மிஸ்ஸி. ஏசிட்டுப் போயிருங்க. சும்மா ஒக்காந்திருந்தா பயமா இருக்கு."

மிஸ்ஸி தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குப் பிறகுதான் அது வெளியே வந்தது. "போன தடவை நான் நேரத்தோடதாங்க வந்தேன்" என்றாள் விஜயலெட்சுமி. "தலைவலி மண்டையப் பொளக்குது, கண்ணுல பூச்சி பறக்குதுன்னு புதன்கெழமை கிளினிக்குக்கு வந்து வாங்குல ஒக்காந்திருந்தேங்க. எனக்கு முன்னாடி இருந்த புள்ளையப் போட்டு ஏசிக்கிட்டு இருந்தீங்க. அது அழுதுகிட்டே போச்சு. அடுத்தது நான். பயந்துகிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். ரெண்டு நாள்ல புள்ள போயிருச்சு. பொறகு எல்லாரும் இருக்க எங் கவலையீனம்னு சொன்னீங்க. சரிங்கன்னு வந்துட்டேன். வேற என்னங்க சொல்ல?"

நிமலன் வாசலில் நின்று அழுதான். இந்த விசயம் அவனுக்கும் அன்றுதான் தெரியும்.

மிஸ்ஸிக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வேலை கூடிப்போன நாள், கூட்டம், நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று காரணங்கள் வரிசையில் வந்து நின்றன. ஒன்றையும் அவர் வெளியே விடவில்லை. எழுந்து போய் அடுப்படியில் அவள் பக்கத்தில் குந்தி, படங்கின் தழும்பு பதிந்திருந்த வயிற்றில் கையை வைத்தார். பிள்ளை அசைந்தது. பிரஷர் பார்த்தார். அது ஏறியிருந்த அளவைக் கண்டதும் நிமலனைத் தோட்டத்து லொறிக்கு ஓடச் சொல்லிச் சைகை காட்டினார். அன்று இரவே மூவரும் பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். விஜயலெட்சுமி அங்கேயே தங்கினாள். மாதம் நிறைய முன்னமே வயிற்றை அறுத்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். சின்னஞ்சிறு ஆண் பிள்ளை. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

இதோடு கதையை முடித்தால் மாலை மரியாதைக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் நாங்கள் இந்த அம்மாவை மதிப்பது இதற்குப் பிறகு நடந்ததற்காகத்தான்.

விஜயலெட்சுமி பிள்ளையோடு தோட்டத்துக்குத் திரும்பிய பின் வந்த புதன்கிழமை, மிஸ்ஸி அவளை ஆளனுப்பிக் கூப்பிட்டார். விறாந்தையில் வாங்கு நிறையப் பெண்கள். குரல் அப்போது பாதிதான் திரும்பியிருந்தது. அவளைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு சொன்னார்:

"போன வருசம் இந்த இடத்தில வச்சு, உங்கள் எல்லாருக்கும் முன்னால, இவளின்ர கவலையீனத்தாலதான் பிள்ளை செத்தது எண்டு சொன்னனான். அது பிழை. இவள் நேரத்துக்கு வந்தவள். என்ர வாய்க்குப் பயந்துதான் திரும்பிப் போனவள். அந்தப் பழி இவளுக்கு இல்லை, எனக்கு. எல்லாருக்கும் முன்னால சொன்னதை எல்லாருக்கும் முன்னாலதான் திருத்த வேணும்."

விஜயலெட்சுமி அழவில்லை. பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, நிமிர்ந்து வாங்கைப் பார்த்தாள். ஒன்றரை வருடமாக அக்கம்பக்கத்தார் சாடைமாடையாகச் சொல்லிவந்த பேச்சு அந்த இடத்தில் முடிந்தது.

பிறகு வாங்கின் கடைசியிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "மிஸ்ஸி, எனக்கும் ஒண்ணு சொல்லணுங்க. தனியா" என்றாள். அவளுக்குப் பிறகு இன்னொருத்தி. அன்று கிளினிக் முடியப் பொழுதுபட்டுவிட்டது. அடுத்த கிழமை அந்த வாங்கு விறாந்தையிலிருந்து தள்ளி, பலாமரத்தடிக்குப் போனது. மிஸ்ஸி விசாரிக்கும் இடத்துக்குத் திரைச்சீலை வந்தது.

பெருமதிப்புக்குரிய மிஸ்ஸி! அந்த யாரோ ஒருவரின் கதை முடிந்தது. இனி உங்களோடுதான் பேசுகிறோம். குரல் முழுதாகத் திரும்பியதும் ஏச்சும் திரும்பியது என்பதை இந்தச் சபை அறியும். நாங்களும் தாராளமாக வாங்கியிருக்கிறோம். ஆனால் ஏசத் தொடங்கிய வாய் இடையில் நின்று, எதிரே இருப்பவரின் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, "சரி, நீ சொல்லு" என்று இறங்குவதையும் கண்டிருக்கிறோம். அந்த ஒரு கணத்துக்காக உங்களுக்கு எத்தனை பாடு என்பதைப் பக்கத்தில் இருந்தவர்கள் என்ற முறையில் நாங்கள் அறிவோம். அதனாலேயே உங்களை நேசித்தோம். நீங்கள் போவது எங்களுக்குக் கவலையாக இருக்கிறது.

நோயின்றி நொடியின்றி, நூறாண்டு நிறைவாழ்வு நீங்கள் வாழ வேண்டும்! கண் தெளிவும் கால் வலுவும் குன்றாதிருக்க வேண்டும்! அந்த வாரத்துக்குப் பின் மற்றவர் மனதில் இருந்ததை வாங்கிக்கொண்ட உங்கள் மனதில் உள்ளதைச் சொல்லவும் இனி நேரம் வாய்க்க வேண்டும். நீங்கள் பேச விரும்பும்போது, குறுக்கே பேசாமல், பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சிற்றம்பலம் ஐயா, கடைசி வரி உங்களுக்கு.

இங்ஙனம்,
மிஸ்ஸியிடம் ஏச்சு வாங்கியும் அவரை விட்டுப் பிரிய மனமில்லாத
தம்பலாவெளித் தோட்ட ஆஸ்பத்திரி, பிள்ளைக்காம்பரா ஊழியர்கள்
எழுதி வாசித்தவர்: கந்தப்பன், மருந்துப் பகுதி