அவசரத்துக்கு ஒரு நம்பர்

அதுல டிக் போட்டுடாதம்மா. பேனாவைக் கொஞ்சம் எடு. பக்கத்துல உக்காந்துட்டு உன் தாளை எட்டிப் பாக்கறேனேன்னு நினைச்சுக்காத, கண்ணு சும்மா இருக்க மாட்டேங்குது. அப்பாவோட மருத்துவக் காப்பீட்டுல ரெண்டாம் பகுதி வேண்டாம்னுதானே போடப் போன? அப்பா நல்லாத்தானே இருக்கார், எதுக்கு மாசாமாசம் தண்டம் அழணும்னு. எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. முதல் பகுதிப் பணம், ஆஸ்பத்திரில போய்ப் படுத்தாத்தான் கிடைக்கும். டாக்டரைப் பாக்கறது, ரத்தம் எடுக்கறது, படம் பிடிக்கறது எல்லாம் ரெண்டாம் பகுதிலதான் வருது. இப்ப வேண்டாம்னுட்டு அப்புறம் வந்து நின்னா அபராதம் சேத்துப் பிடிப்பாங்க. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்ல, ஆயுசுக்கும்.

ஆங், வேணும்னு போடு. அவ்ளோதான்.

அறுபத்தஞ்சு வயசானாத்தான் இந்தக் காப்பீடு, அப்பாவுக்கு எப்ப அறுபத்தஞ்சு? அடுத்த மாசமா? அப்பக் கால் மேல கால் போட்டு உக்காரலாம். பிறந்த மாசத்துக்கு முன்னாடி மூணு மாசம், பின்னாடி மூணு மாசம், நடுவுல அந்த மாசம். மொத்தம் ஏழு. அதுக்குள்ள பதிஞ்சுடணும். விட்டுட்டா அடுத்த வருஷம் பொறந்தாத்தான் கதவைத் தொறப்பாங்க. இதுக்குன்னு சம்பளத்துல பத்து வருஷம் பிடிச்சிருக்காங்களா? லாரி ஓட்டினாரா, ஒரே கம்பெனிலயா? அப்பத் தகுதியைப் பத்திக் கவலையே இல்ல.

எனக்கா? எனக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள். அந்த ஏழுல ஏழாவது மாசம், முப்பதாம் தேதி. சிரிக்கிற பாரு. ஊருக்கெல்லாம் சட்டம் பேசறவ கடைசி நாள்ல வந்து உக்காந்துருக்காளேன்னு. நான் ஒன்னும் தூங்கிடலம்மா, இது மூணாவது தடவை. ரெண்டு தடவை திருப்பிக் குடுத்துட்டாங்க.

குடு, மிச்சத்தையும் பாத்துடறேன். பேர் சரி, தேதி சரி. அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்? உன் நம்பர். உறவுமுறை, மகள். எழுத்து எவ்ளோ அழகா இருக்கு. இந்தா, எல்லாம் ஒழுங்கா இருக்கு, மடிக்காம வச்சுக்கோ.

நானா, டீச்சர் இல்லம்மா. அப்படியா தெரியுது? நான் ஆஸ்பத்திரில டெலிபோன் ஆபரேட்டரா இருந்தேன். முப்பத்தோரு வருஷம். மாடிப்படிக்குக் கீழ ஒரு ரூம், ஜன்னல் கிடையாது, ஒரு நாற்காலி, ஒரு ஃபேன். எந்த வார்டுலேர்ந்தும் ஜீரோ அழுத்தினா நான்தான் எடுப்பேன். அதனால எனக்குப் பேரே ஜீரோ அக்கா. பெரிய டாக்டரே அப்படித்தான் கூப்பிடுவார். என் மூஞ்சியைப் பாத்தவங்க கம்மி. லிஃப்ட்ல பக்கத்துல நின்னா யாருக்கும் தெரியாது, வாயைத் தொறந்தா, அட, ஜீரோ அக்காவான்னு திரும்புவாங்க. நம்பரெல்லாம் தலைலயே நிக்கும். ஒரு தடவை பாத்தாப் போதும், அழிக்கவே முடியாது. இதயப் பிரிவு இருநூத்தி நாப்பது, பிரசவ வார்டு முன்னூத்தி ஆறு. இப்ப எதுக்கு அது? எதுக்கும் இல்ல.

யாருக்காவது முடியாமப் போச்சுன்னா வீட்டுக்குச் சொல்றதும் நான்தான். செத்துட்டாங்கன்னு சொல்ல மாட்டேன், அது டாக்டர் சொல்ல வேண்டியது. கொஞ்சம் கிளம்பி வாங்கன்னு மட்டும் சொல்வேன். அந்தப் பக்கம் சாவியைத் தேடற சத்தம் கேக்கும் பாரு. அப்புறம், இதோ வர்றேம்பாங்க. அந்த இதோ வர்றேன் இருக்கே, அதைக் கேக்கறதுக்காகவே அந்த வேலையைப் பாத்தேனோன்னு இப்பத் தோணுது.

சில பேருக்கு நம்பரே இருக்காது. நர்ஸ் கூப்பிட்டு, அக்கா இந்த பெட்டுக்கு யாரும் இல்லம்பா. டூட்டி முடிஞ்சதும் நான் ஒரு எட்டு போய் அந்த ஆளைப் பாத்துட்டுத்தான் பஸ் ஏறுவேன். போய் என்ன பண்ணுவேன், ஒன்னும் இல்ல. போர்வையை இழுத்து விடுவேன். அவ்ளோதான்.

எதுக்குத் திருப்பிக் குடுத்தாங்கன்னு கேட்டல்ல. அதை ஏன் கேக்கற, மானம் போற கதை. அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு கட்டம் வந்துச்சு, கை தன்னால எழுதிடுச்சு. எந்த நம்பர் தெரியுமா? ஆஸ்பத்திரி நம்பர். என் மேஜை நம்பர். முப்பத்தோரு வருஷமா எந்தத் தாள்ல எது கேட்டாலும் அதைத்தானே எழுதினேன். கவுன்ட்டர்ல அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு இருக்கா பாரு, அவ கேக்கறா, உங்களுக்கு ஒன்னுன்னா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரிக்கே போன் பண்ணிக்குமா அம்மான்னு. வரிசைல இருந்தவங்கல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போய் அந்த நம்பரைப் போட்டுப் பாத்தேன். இப்ப மெஷின்தான் எடுக்குது. பொண்ணு குரல்தான், ஆனா ஆள் இல்ல.

ரெண்டாவது தடவை என் நம்பரையே எழுதினேன். நீங்க விழுந்து கிடக்கறப்ப நீங்களே எடுப்பீங்களாங்கறா. நியாயம்தானே.

ஒரே ஒரு தம்பி, போன வருஷம் போய்ச் சேந்துட்டான். அவன் பொண்டாட்டி என் போனை எடுக்கறதில்ல, அது தனிக் கதை. கல்யாணமா? பண்ணிக்கல. உங்க நம்பரைப் போட்டுக்கட்டுமான்னு எதிர் வீட்ல கேட்டேன். யோசிச்சுச் சொல்றோம்னாங்க. இப்ப நான் படி இறங்கிட்டேனான்னு பாத்துட்டுத்தான் கதவையே தொறக்கறாங்க. பாவம், அவங்களுக்கு என்ன பயமோ.

விட்டுடலாம்னுதான் இருந்தேன். போன மாசம் பாத்ரூம்ல தலை சுத்தி விழுந்துட்டேன். குழாய் பாட்டுக்கு ஓடிட்டிருக்கு, எந்திரிக்க முடியல. வாளி நிரம்பி வழிஞ்சு, தண்ணி என் முதுகுக்குக் கீழ போகுது. யாரைக் கூப்பிடறதுன்னு யோசிச்சேன். தலைல அத்தனை நம்பர் இருக்கு, கூப்பிட ஒன்னு இல்ல. அன்னிக்கு அழுதேன், பொய் சொல்லுவானேன். இதயத்தைப் படம் பிடிக்கணும்னு டாக்டர் சொல்றார். இன்னிக்குப் பதியலன்னா வருஷம் பொறக்கற வரைக்கும் ஒன்னும் நடக்காது. அந்தக் கட்டம் காலியா இருந்தா வாங்கவே மாட்டாங்க.

அழாதம்மா. நீ எதுக்கு அழற? நான் சும்மா பேசிட்டிருக்கேன்.

நூத்திப் பன்னெண்டு. என் டோக்கன்தான், இரு, அவ இன்னொரு தடவை கூப்பிடுவா.

அது வந்தும்மா, உன் தாளைப் பாத்தேன்ல, அப்பவே உன் நம்பர் தலைல ஏறிடுச்சு. எழுதிட்டேன். இதோ, பென்சில்லதான். ரப்பர் பையிலயே இருக்கு, நீ வேண்டாம்னா அழிச்சுடறேன், எனக்கு வருத்தம் ஒன்னும் இல்ல. நீ வரணும்னு கூட இல்லம்மா. யாராவது போன் பண்ணி, கொஞ்சம் கிளம்பி வாங்கன்னா, இதோ வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லு. அந்தப் பக்கம் இருக்கறவளுக்கு அது போதும்.

உறவுமுறைன்னு பக்கத்துல ஒரு கட்டம் இருக்கு, அதைக் காலியா விட்டுருக்கேன். அதுல என்னம்மா எழுதட்டும்?