துணி துவைக்க ஊர்க்கதை எதுக்கு

— அதெல்லாம் சொல்ல முடியாதுன்னு அதுகிட்டயே சொல்லிட்டேன்.

— எதுகிட்ட? துணி துவைக்கிற மெஷினுகிட்டயா?

— ஆமா சுந்தரி. மெஷினு போன்ல கேள்வி கேக்கு, நான் போன்ல பதில் சொல்லிட்டேன். ‘அனுமதிக்க மாட்டேன்’னு ஒரு பொத்தான் வச்சிருக்கான். நல்லா அழுத்தி அமுக்கிட்டேன். நம்ம பக்கம் நியாயம் இருக்கு, கேட்டியா.

— நியாயம் இருக்கு, தண்ணி விழலயே. வாங்கி வந்த நாளுல இருந்து கல்யாணப் பொண்ணு கணக்கா மூலையில நிக்கு சவம். ஒரு கைக்குட்டை நனையல.

— இந்தப் பெருமாள்ராஜ் யாருன்னு நுரைராணி கம்பெனிக்காரனுக்குத் தெரியல. துணி துவைக்க எதுக்கு என் பேரு? எதுக்கு என் பொறந்த தேதி? எதுக்கு நம்ம வீட்டுல எத்தன தலைன்னு எண்ணிக்க? நாளைக்கு என் வேட்டி எத்தன நாளைக்கு ஒருக்கா துவைக்காவன்னு வெளிநாட்டுல ஒருத்தன் உக்காந்து எழுதிக்கிட்டு இருப்பான்.

— எழுதட்டும். நீங்க வேட்டி மாத்துத லட்சணத்துக்கு அவனுக்கு வேலையே இருக்காது.

— சிரிக்காத. இது தனிமனுச உரிமை. கோர்ட்டே சொல்லியிருக்கு.

— கோர்ட்டு வந்து துணி அலசிப் போடுமா? டிவி நம்மளப் பாக்குன்னு அது மேல துண்டப் போட்டு மூடியிருக்கிய. நாடகம் பாக்கணும்னா துண்ட எடுக்கணும். துண்ட எடுத்தா நீங்க ஓடிப் போயி சட்ட போடுதிய. முக்கூடல்ல சட்ட போட்டுக்கிட்டு நாடகம் பாக்குத ஒரே மனுசன் நீங்கதான்.

— அதுக்குக் கண்ணு இருக்குட்டி. போனுக்குக் காது இருக்கு.

— அதுக்காவ போனத் தூக்குவாளிக்குள்ள போட்டு மூடுவியளா? நேத்து எங்க அக்கா கூப்பிட்டிருக்கா. தூக்குவாளி மூடி கடகடன்னு ஆடுது. சாம்பாரு பொங்குதுன்னு நான் போயி அடுப்ப அணைக்கேன்.

— கம்பெனிக்காரன் காது லேசுப்பட்டதில்ல, கேட்டியா. அன்னைக்கு முட்டி வலிக்குன்னு உங்கிட்டதான சொன்னேன். மறுநாள் போனத் தொறந்தா முட்டிக்குத் தைலம் விக்கான்.

— எங்கிட்ட மட்டுமா சொன்னிய? பஸ் ஸ்டாண்டுல, உரக்கடையில, கோயில் வாசல்ல, போற வாற ஆளுக்கெல்லாம் வேட்டியத் தூக்கி முட்டிய மடக்கி மடக்கிக் காமிச்சிய. கம்பெனிக்காரன் காதுக்குப் போகாம இருந்தாதான் அதிசயம். இந்தா பாருங்க, நாளைக்கு விடியுததுக்குள்ள இந்த மெஷினு ஓடி, துணி காஞ்சிருக்கணும். இல்லன்னா நான் பத்தமடைக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவேன்.

— நாளைக்கு என்ன?

— நாளைக்குத் துணி இருக்கு.

— துணி என்னைக்கும் இருக்கு.

— நாளைக்கு நெறைய இருக்கும். பெட்டியில கம்பெனி நம்பர் போட்டிருக்கு. பேசுங்க.

— பேசுதேன். ஆனா ஒரு விவரம் சொல்ல மாட்டேன். பேரு சொல்லாம ஓட்டிக் குடுன்னு சண்ட போடப் போறேன். சத்தமா வைக்கேன், நீயும் கேளு. உம்புருசன் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சுக்க.

— தமிழில் தொடர எண் இரண்டை அழுத்தவும்.

— பாத்தியா, எடுத்த எடுப்புல நான் என்ன மொழி பேசுதேன்னு தெரிஞ்சுக்கிடப் பாக்கான்.

— அமுக்குங்கங்க. இந்தியில பேசப் போறியளா?

— வணக்கம். நுரைராணி வாடிக்கையாளர் சேவை மையத்துல இருந்து சுகன்யா பேசுறேன். உங்க பேரைத் தெரிஞ்சுக்கலாமா சார்?

— கூடாது.

— சரிங்க சார். நான் உங்களுக்கு எப்படி உதவ முடியும்?

— உங்க மெஷினு ஓட மாட்டேங்கு. விவரம் பதிஞ்சாதான் தண்ணி எடுப்பேங்கு. எனக்குப் பதிய இஷ்டமில்ல.

— பதிவு பண்ணாதான் சார் மெஷின் ஆன் ஆகும். அஞ்சாறு கேள்விதான். நானே இங்க பதிஞ்சு தந்திடுறேன்.

— எதுக்கும்மா பதியணும்? எங்க வீடு, எங்க கரண்டு, எங்க தாமிரபரணித் தண்ணி. எங்க அம்ம அம்மி வாங்கும்போது, உன் பொறந்த தேதிய சொன்னாதான் அரைப்பேன்னு அம்மி சொல்லிச்சா?

— நீங்க சொல்லுதது புரியுது... நீங்க சொல்றது புரியுது சார். ஆனா கம்பெனி விதி அப்படி.

— நில்லு. ‘சொல்லுதது’ன்னியே. ஏம்மா, நீ நம்ம பக்கம்லா?

— சார், இந்த அழைப்பு பதிவாகுது.

— ஆகட்டும். எந்த ஊரு?

— திசையன்விளை சார். இப்ப சென்னையில இருக்கேன்.

— நெனச்சேன். யாரு மக?

— மணிராஜ் மக சார்.

— எந்த மணிராஜ்? சந்தையில தேங்கா யாவாரம் பண்ணுத மணிராஜா, லோடு வண்டி மணிராஜா?

— லோடு வண்டி.

— காலக் கொஞ்சம் சாச்சு நடப்பாரே.

— அது எங்க சித்தப்பா. எங்க அப்பா நேராத்தான் நடப்பாவ.

— ஏங்க, சண்டை போடப் போறேன்னிய.

— சும்மா இருட்டி. யாரு எவருன்னு தெரிஞ்சுக்கிடாம ஒரு புள்ளகிட்ட எப்படிச் சண்ட போட? அம்மைக்கு எந்த ஊரும்மா?

— வீரவநல்லூரு. குமரகுரு மக.

— எந்தக் குமரகுரு? தறி போட்டிருந்தாரே, வெத்தல போட்டுப் போட்டு வாயே செவந்து கெடக்குமே, அந்தக் குமரகுருவா?

— அவியதான் எங்க தாத்தா.

— ஏ சுந்தரி, கேட்டியா கதைய? குமரகுரு எங்க அய்யாவுக்கு ஒண்ணுவிட்ட தம்பில்லா. அப்பம் உங்கம்ம எனக்குத் தங்கச்சி முறை. நான் உனக்குத் தாய்மாமன்ட்டி.

— நெசமாவா? எங்க அம்மாட்ட சொன்னா சந்தோசப்படுவா. உங்க பேரு என்னன்னு சொல்லட்டும் மாமா?

— முக்கூடல் பெருமாள்ராஜ்னு சொல்லு. பச்சை கேட்டு வீடுன்னு சொன்னாலே தெரியும்.

— முக்கூடல்ல எங்கன மாமா? அடுத்த தையில எங்க அண்ணனுக்குக் கல்யாணம். பத்திரிக அனுப்பணும்லா.

— தாய்மாமனுக்குப் பத்திரிகையத் தபால்லயா அனுப்புவிய? நேர்ல வந்து வைக்கச் சொல்லு. ஆத்துப் பாலம் எறங்குனதும் அம்மன் கோயிலுக்கு மேற்கால தெரு. கதவுல பன்னெண்டுன்னு இருக்கும், அது பழைய நம்பரு. புது நம்பரு முப்பத்தொண்ணு.

— ஏம்மா சுகன்யா, நான் உங்க அத்தை பேசுதேன். அங்கன என்னமோ டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்கே?

— அது பக்கத்து சீட்டுப் புள்ள பட்டாணி திங்கா அத்தை. மாமா, நீங்க எங்க அம்மாவுக்கு எத்தன வயசு மூத்தவிய?

— நீயே கணக்குப் போட்டுக்க. நான் பொறந்தது அறுபத்தஞ்சு, ஆவணி பதினேழு.

— இங்கிலீசுத் தேதி?

— செப்டம்பர் ரெண்டு. எதுக்குட்டி?

— ஒரு வாழ்த்து சொல்ல வேண்டாமா மாமா? வீட்டுல நீங்களும் அத்தையும் மட்டுந்தானா?

— ஆமா, ரெண்டே பேருதான். ஒரே மகன், நயினாரு. ஓசூர்ல பெரிய கம்பெனியில இருக்கான். உனக்குக் கல்யாணம் ஆயிட்டா?

— இல்ல மாமா. பாத்துக்கிட்டு இருக்காவ.

— ஏங்க, அந்தப் பேச்சு இப்ப எதுக்கு?

— முறை இருக்குட்டி. புள்ள பதவிசாப் பேசுதா. சுகன்யா, உனக்கு அவன் அத்தான்லா. வருசக்கணக்கா பொண்ணு பாக்கேன், எந்தப் போட்டோவக் காமிச்சாலும் ‘இப்ப வேண்டாம்ப்பா’ங்கான். சங்கோஜக்காரன். எங்கிட்டக் கேக்காம ஒரு சட்ட எடுக்க மாட்டான், கேட்டியா. ஏ சுந்தரி, அவன் நம்பரச் சொல்லு, இந்தப் புள்ள குறிச்சுக்கிடட்டும்.

— எனக்கு நெனப்பில்ல.

— நெனப்பில்லயா? தெனமும் சாயந்தரம் மாடியில போயி நின்னு பேசுதிய ரெண்டு பேரும். நான் வந்தா ‘சிக்னல் இல்ல’ன்னு வச்சிருத. அந்த நம்பரு நெனப்பில்லயா? சரி, நானே வாசிக்கேன். எழுதும்மா.

— ம்... ம்... ஏத்தியாச்சு மாமா. இப்ப மெஷினு சுவிச்சப் போடுங்க.

— என்ன சுவிச்சு?

— ஓடும் மாமா. பேரு, முகவரி, பொறந்த தேதி, வீட்டுல எத்தன பேரு, மாத்து நம்பரு. கம்பெனி கேட்டது எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டிய.

— அப்பம் பட்டாணி?

— பட்டாணி இல்ல மாமா. நான்தான் தட்டிக்கிட்டு இருந்தேன்.

— ஏங்க, தண்ணி விழுதுங்க. அம்மாடி, என்னமா சுத்துது. சுகன்யா, நீ நல்லா இருப்ப தாயி.

— ஏட்டி, தாய்மாமன்கிட்டயே கைவரிசையக் காட்டிட்டியே. ஒரு வார்த்த கேட்டிருந்தா...

— கேட்டேன் மாமா. மொத வார்த்தையே பேருதான் கேட்டேன். ‘கூடாது’ன்னிய.

— சரி, சவம் போவட்டும். சொந்தத்துக்குள்ளதான சொன்னேன். கம்பெனிக்காரன்கிட்ட சொல்லலல்லா. நம்ம கொள்கைக்கு ஒரு குத்தமும் இல்ல.

— ஒரு சின்னச் சிக்கல் மாமா. இந்த ஓசூர் நம்பர ஏத்தும்போது, ஏற்கனவே இருக்குன்னு காட்டுது. நயினார் அத்தான் பேர்ல ஒரு மெஷினு ஓடிக்கிட்டு இருக்கு.

— அவன்ட்ட ஏது மெஷினு? அவன் பயலுவளோட ஒரு ரூம்புல கெடக்கான். துணிய வெளியில துவைக்கப் போடுதேன்னான்.

— சுகன்யா, நீ போன வச்சிரும்மா. மெஷினு நல்லா ஓடுது. ரொம்ப சந்தோசம்.

— நீ இருட்டி. எப்ப வாங்கிருக்கான்? எங்கிட்டக் கேக்கலயே. அதுல இன்னும் என்ன போட்டிருக்கு?

— வீட்டுல மூணு பேருன்னு இருக்கு மாமா.

— ஆங், ரூம்புல மூணு பயலுவ. சரியாத்தான போட்டிருக்கு.

— மாமா, இதெல்லாம் நான் சொல்லப்படாது. வேற ஆளு விவரம். தெரிஞ்சா வேல போயிரும்.

— வேற ஆளா? எம்மகன்ட்டி. தாய்மாமன் கேக்கேன், சொல்லு. என்ன மறைக்க?

— அந்த மெஷினுல கம்பளித் துணிக்கு, ஜீன்சுக்கு, திரைச்சீலைக்குன்னு பல ஓட்டம் இருக்கு மாமா. அத்தான் வீட்டுல காலையும் சாயந்தரமும் ஒரே ஓட்டந்தான் ஓடுது. குழந்தத் துணி ஓட்டம்.

— அந்த மூணு பயலுவள்ல ஒருத்தன் ரொம்பச் சின்ன ஆளா இருப்பானோ.

— மாமா, நான் வச்சிருதேன். நான் ஒண்ணும் சொல்லல, நீங்க ஒண்ணும் கேக்கல.

— வைக்காத தாயி. திட்டுததுக்குக் கேக்கல, சத்தியமா. அவன் யாரக் கட்டுனான்னு கேக்கல, ஏன் சொல்லலன்னு கேக்கல. ஒண்ணே ஒண்ணுதான். அது என்ன குழந்தைன்னு அந்தக் கம்பெனியில எழுதியிருக்கா?

— அது அவிய வீட்டு விவரம் மாமா. சொல்லப்படாது. தனிமனுச உரிமை.

— ஏட்டி, எல்லாத்துக்கும் உரிம பாத்தா எப்படி? அந்த ‘அனுமதிக்கிறேன்’ பொத்தான் எங்க இருக்குன்னு சொல்லு, நான் ஆயிரம் தடவ அமுக்குதேன். எங்க வீட்டு ரேசன் கார்டு வேணுமா, எடுத்துக்க. என் முட்டி எக்ஸ்ரே வேணுமா, எடுத்துக்க. நான் தாத்தாட்டி. ஆணா பொண்ணான்னு மட்டும் பாத்துச் சொல்லிரு.

— பொம்பளப் புள்ளதாங்க. அவகிட்டக் கெஞ்சாம மெஷினு பக்கத்துல இருந்து தள்ளி நில்லுங்க. விடியக்காலம் ரயிலுக்கு மூணு பேரும் வாராவ, தொட்டில் கட்டுத சேல அதுக்குள்ள காயணும்.