அசையாத கூம்பு

மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி எரிந்தது.

எனக்குப் பாட்டே பிடிக்காது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், ஐயா, அது அபாண்டம். குளிக்கும்போது பாடுகிறவன் நான். மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், வைப்பது பாட்டு இல்லை, பூகம்பத்துக்கு ஒத்திகை. அவர் சோபாவுக்கு உறை தைப்பவர். கை சும்மா இருக்காது. பழைய அலமாரிகளை அறுத்து ஸ்பீக்கர் பெட்டி செய்வார். மாடியில் அவர் ஒலியைக் கூட்டினால், கீழே என் தண்ணீர்ச் சொம்பு மேசையின் ஓரம்வரை நடந்துபோய் எட்டிப்பார்க்கும்.

முறையாகத்தான் குறை சொன்னேன். "காதுல வைக்கப் பஞ்சு வேணுமா மச்சான்? கடையில மூட்டை மூட்டையா கிடக்கு" என்றார். தங்கை சிரித்தாள். கல்யாணத்துக்கு முன்பு மாலைநேரங்களில் அவள் என்னோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். இப்போது மாடியில் தரை அதிர ஆடுகிறாள். அவளுடைய காதை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

மாப்பிள்ளை நல்லவர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுவாரமே மாடியறையின் சுவர், சன்னல், கதவு எல்லாவற்றிலும் சோபா ஃபோமை ஒட்டினார். "மச்சான் தூங்கணுமில்ல" என்றார். சன்னல் இருந்த இடமே தெரியவில்லை. சத்தம் குறைந்தது, தீரவில்லை.

பிறகு பாஸ் ஒலிக்கென்றே இருக்கும் புது ஸ்பீக்கர், வூஃபர், ஒன்று வாங்கிவந்தார். அதிர்ந்து ஒலி எழுப்பும் ஒரே காகிதக் கூம்புக்குப் பின்னால் இரண்டு காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், இருக்கும் வகை. நான் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவன் என்பதால் வயர் இணைப்பை என்னிடம் விட்டார்.

"நீங்க கை வச்சா அப்புறம் நான் பாக்கவே வேண்டாம் மச்சான்."

இரண்டு காயிலும் ஒரே பக்கமாகத் தள்ளினால் கூம்பு குதிக்கும். ஒன்றுக்கு மட்டும் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தால், ஒன்று தள்ளும், மற்றது இழுக்கும். சில தம்பதிகளைப் போல: இருவரும் முழு மூச்சாக உழைப்பார்கள், வீட்டில் ஒரு நாற்காலிகூட நகராது, சூடு மட்டும் ஏறும். நான் ஒன்றை மாற்றிக் கொடுத்தேன். அமைதிக்கு இதைவிடச் சாதுவான வழி எனக்குத் தோன்றவில்லை.

ஆம்ப்ளிஃபயரில் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று சலித்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியைப் போட்டேன். பெட்டிக்குள் பஞ்சைக் கொஞ்சமாகத்தான் வைத்திருந்தார். வூஃபரின் முதுகை ஒட்டி நெருக்கி அடைத்தேன். சொந்தக்காரர் வேலையில் கஞ்சத்தனம் கூடாது.

ஞாயிறன்று போட்டுப் பார்த்தார். "பாஸே வரல மச்சான். கொசு முனகுற மாதிரி இருக்கு."

"புதுசுல்ல மாப்பிள்ளை, இறுக்கமாத்தான் இருக்கும். குமிழை முழுசா திருப்பி விடுங்க, இளகிடும். பக்கத்துலயே உக்காந்து கேளுங்க."

வீட்டில் ஸ்பீக்கர் செய்கிறவர்கள் இதை நம்பிவிடுவார்கள். புதுச் செருப்பைப் போல ஸ்பீக்கரும் போடப்போட இளகும் என்பது அவர்கள் கணக்கு. மாப்பிள்ளை பெட்டியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

நான் வெளியே வந்தேன். அந்தக் கதவு சரியாக மூடிக்கொள்ளாது. திறந்துகொண்டால் அவ்வளவு ஃபோம் ஒட்டியதும் வீண். ஆகவே வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

கீழே தங்கை காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். வெகுநாளைக்குப் பிறகு அவள் என்னோடு நிதானமாகப் பேசினாள். தன் முதலாளியம்மாவைப் போல நடித்துக்கூடக் காட்டினாள். அப்போது மாடியிலிருந்து மந்தமாக, விட்டுவிட்டு, தொம் தொம்மென்று கேட்டது.

"என்னண்ணே சத்தம் அது?"

"பாஸ் வந்துடுச்சும்மா" என்றேன். அப்படித்தான் நினைத்தேன், ஐயா.

புகையைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து தாழ்ப்பாளைத் திறந்தார். மாப்பிள்ளை கதவோரம் கிடந்தார். மூச்சு இல்லை.