நன்றிக் கோப்பில் புதைந்த நான்கு கடிதங்கள்

இந்தப் பொதுக்குழுவுக்குத் தலைமை ஏற்றிருக்கும், மத்திய அரசில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற, தண்ணளி மருத்துவ அறக்கட்டளையின் தலைவர் பெரியவர் வெங்கடராமன் அவர்களே! பதினான்கு ஆண்டுகளாக இந்த அறக்கட்டளையைத் தோளில் சுமந்துவரும் செயலாளர் லட்சுமணன் அவர்களே! அறங்காவலர் பெருமக்களே! துவாரகாவிலிருந்து மெட்ரோ பிடித்தும், லக்ஷ்மிபாய் நகரிலிருந்து பஸ் பிடித்தும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் துறந்து வந்திருக்கும் சான்றோர்களே! நான்கு வீட்டுப் பாத்திரங்களைத் தேய்த்துவிட்டு, ஐந்தாவது வீட்டுக்கு லீவு சொல்லிவிட்டு, கடைசி மூன்று வரிசைகளில் மடியில் பையோடு அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் ஜெயபாலின் பணிவான வணக்கம்.

வணக்கத்தில்தான் பணிவு. பேச்சில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

நான் பேச்சாளன் அல்ல. மருத்துவக் கருவிகளைச் சோதித்துச் சரிபார்க்கும் இன்ஜினீயர். ஒரு கருவி சரியாக வேலை செய்கிறதா, இல்லையா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். போன பொதுக்குழுவில், அறக்கட்டளையின் நிர்வாகத்தை யாராவது மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் தீர்மானம் போட்டீர்கள். செயலாளர் என்னைத் தேர்ந்தெடுத்தார். காரணத்தையும் மறைக்கவில்லை. நம்ம வீட்டுப் பையன், இரண்டு பக்கம் எழுதி, ஐந்து நிமிடம் பேசி, நாலு நல்ல வார்த்தை சொல்வான் என்றார். நான் மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். அறுபது பக்கம் எழுதினேன். நல்ல வார்த்தை ஒன்றே ஒன்று கிடைத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கணக்கு சுத்தம்! ஒரு பைசா குறையவில்லை, ஒரு ரசீது தொலையவில்லை. தட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள். தட்டி முடித்தபின் கேளுங்கள். காசு மட்டும் காணாமல் போகாத இடத்தில் வேறு என்ன காணாமல் போனது என்று கேளுங்கள்!

நம்மிடம் ஒரு மருத்துவ வேன் இருக்கிறது. வாரம் மூன்று நாள் குடிசைப் பகுதிகளுக்குப் போகிறது. சர்க்கரை பார்க்கிறது, மாத்திரை கொடுக்கிறது. முந்நூற்று எண்பது பேர் அந்த வேனை நம்பி வாழ்கிறார்கள். அதில் ஒருவர் ஆராயி அம்மா. ரயில் பாதை ஓரக் குடியிருப்பில் வசிப்பவர். சின்னசேலம் பக்கத்திலிருந்து இருபது வருடத்துக்கு முன் டெல்லிக்கு வந்தவர். வீட்டு வேலை செய்கிறவர். வாரம் தவறாமல் வேனுக்கு வந்து விரலை நீட்டுவார். கருவி நூற்று நாற்பது என்று சொல்லும். வேனில் இருப்பவர்கள் நன்றாக இருக்கிறது என்பார்கள். பழைய மாத்திரையே தொடரும். மறுவாரம் நூற்று நாற்பத்திரண்டு. அதற்கு மறுவாரம் நூற்று முப்பத்தெட்டு.

காலில் புண் வந்தது. கருவி நூற்று நாற்பது என்றது. புண் பெரிதானது. அப்போதும் நூற்று நாற்பது!

அந்த அம்மா படித்தவரல்ல. ஆனால் சந்தேகப்படத் தெரிந்தவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அரசு சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்று சோதனைக்கு ரத்தம் கொடுத்தார். முந்நூற்றுப் பத்து என்று வந்தது. அந்தச் சீட்டோடு நம் வேனுக்கு வந்தார். வேனில் இருந்தவர் ஆன்ட்டி, ஆன்ட்டி என்று குழைந்து, அங்கேதான் தப்பு, நம் கருவி சரி என்று சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டார். அதனால் ஆராயி அம்மா கடிதம் எழுதினார். மகள் செல்வி இங்கே தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். அம்மா சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். வேனில் தொங்கும் கருத்துப் பெட்டியில் போட்டார்கள். ஜூனில் ஒன்று. ஜூலையில் ஒன்று. ஆகஸ்டில் இரண்டு.

நவம்பரில் வலது காலின் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

இப்போது கேட்கிறேன். அந்த நான்கு கடிதங்கள் எங்கே போயின?

என்ன ஐயா, தபாலில் தொலைந்திருக்குமா? தொலையவில்லை! பத்திரமாக இருந்தன. பளபளப்பான நீலக் கோப்பில், பஞ்ச் செய்து, நாடா கட்டி, நாம் கைதட்டி வரவேற்ற ஆண்டறிக்கையில் எண்ணிக்கையாக அச்சேறி இருந்தன! ஒன்பதாம் பக்கம் பாருங்கள். "பயனாளிகளிடமிருந்து தமிழில் வந்த நன்றிக் கடிதங்கள்: இருநூற்றுப் பதினான்கு." அந்த இருநூற்றுப் பதினான்கில் ஆராயி அம்மாவின் நான்கும் அடக்கம்.

அத்தனை கடிதங்களையும் நான் படித்தேன். நன்றி சொன்னவை அறுபத்தொன்று. மிச்சம் நூற்று ஐம்பத்து மூன்றும் புகார்!

அலுவலகத்தில் கடிதங்களை அடுக்குவது ஜ்யோத்ஸ்னா. டெல்லியில் பிறந்த பெண், கல்லூரி மாணவி, சனிக்கிழமைகளில் சம்பளமின்றி வந்து வேலை செய்கிறவர். அதோ, அந்தத் தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அவர் அனுமதி கொடுத்ததால் சொல்கிறேன். ஏன் இதையெல்லாம் நன்றியில் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"அண்ணா, எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஹிந்தில வர்றத படிச்சுடுவேன். தமிழ் லெட்டர் எல்லாம் தேங்க்ஸ் ஃபைல்ல போடும்மான்னு லட்சுமணன் அங்கிள் சொன்னார். அச்சா, சரின்னு போட்டுட்டேன்."

அந்தப் பெண்ணைப் பார்த்து யாரும் முணுமுணுக்க வேண்டாம். தனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது அந்தப் பெண் ஒருத்திதான். படிக்கத் தெரிந்த ஒன்பது அறங்காவலர்கள் மேடையில் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவராவது ஒரு கடிதத்தைப் பிரித்தாரா? செயலாளரிடமே போய்க் கேட்டேன். கோபப்படவில்லை. டீ கொடுத்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அட, நம்ம ஜனங்கப்பா. இலவசமா வைத்தியம் பாக்குறோம். நன்றியைத் தவிர வேற என்னத்த எழுதப் போறாங்க?"

அவையோரே, அறுபது பக்க அறிக்கையைத் தூக்கிப் போடுங்கள். இந்த ஒரு வாக்கியம்தான் நம் அறக்கட்டளையின் நோய். வாங்குகிறவனுக்கு வாய் எதற்கு என்ற நினைப்பு! கும்பிடுகிற கைக்குக் குறை சொல்ல உரிமை எதற்கு என்ற நினைப்பு! ஏழை எழுதினால் அது நன்றி. நன்கொடையாளர் எழுதினால் அது ஆலோசனை. இது என்ன நியாயம்? எந்த ஊர் நியாயம்?

தலைவர் மணி அடிக்கிறார். அடியுங்கள் ஐயா. மூன்று மாதம் அந்த அம்மா அடித்த மணி உங்களுக்குக் கேட்கவில்லை. உங்கள் மணியும் இன்றைக்கு எனக்குக் கேட்காது.

கருவியில் என்ன கோளாறு என்று கேட்கிறார் முன்வரிசை ஐயா. நல்ல கேள்வி. கருவியில் கோளாறு இல்லை. ரத்தத்தைத் தொட்டு வைக்கிறோமே, அந்தக் காகிதப் பட்டையில் கோளாறு. முப்பது டிகிரிக்கு மேல் வெப்பத்தில் வைக்காதே என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. நம் டப்பாக்கள் டெல்லியின் மே மாதத்தை வேனுக்குள்ளேயே கழித்தன. வேன் ஏன் வெயிலில் நின்றது? அலுவலகக் கொட்டகையின் நிழலில் அறங்காவலர்களின் கார்கள் நின்றன! கருவியைச் சோதிக்க ஒரு திரவம் உண்டு. அதில் எவ்வளவு சர்க்கரை என்பது முன்பே தெரியும். அதைத் தொட்டு வைத்தால் இருநூற்றைம்பதுக்கு மேல் காட்ட வேண்டும். மூன்று முறை வைத்துப் பார்த்தேன். ஒரு முறைகூட நூற்றைம்பதைத் தாண்டவில்லை. வாரம் ஒரு முறை செய்ய வேண்டிய இந்தச் சோதனை, வேன் தொடக்க விழாவில் ரிப்பன் வெட்டிய அன்றைக்குச் செய்ததுதான். அதற்கும் போட்டோ இருக்கிறது. பதிவேட்டில் அடுத்த பக்கம் வெள்ளை.

இதைச் சோதிக்கச் சொல்ல வேண்டியது நிர்வாகக் குழு. நிர்வாகக் குழுவைக் கேட்க வேண்டியது பொதுக்குழு. பொதுக்குழு என்ன செய்தது? பதினான்கு வருடமாக ஆண்டறிக்கையைக் கைதட்டி ஏற்றது. கிட்டத்தட்ட அதே ஒன்பது பேரைக் கைதட்டித் தேர்ந்தெடுத்தது. சாம்பார் சாதம் சாப்பிட்டு வீட்டுக்குப் போனது. நானும் தட்டினேன். நானும் சாப்பிட்டேன். அந்த வெட்கத்தோடுதான் நிற்கிறேன்.

இதையெல்லாம் மேடையில் பேசினால் நன்கொடையாளர்கள் ஓடிவிடுவார்கள் என்று அங்கே ஒரு பெரியவர் சொல்கிறார். ஓடட்டும் ஐயா. தவறான எண்ணைக் காட்டும் வேன் தெருவுக்கு வருவதைவிட, வேனே இல்லாத தெரு பாதுகாப்பானது. வேன் இல்லையென்றால் ஆராயி அம்மா ஜூனிலேயே மருத்துவமனைக்குப் போயிருப்பார்! நாம் கொடுத்த நம்பிக்கைதான் அவரை நவம்பர் வரை நிறுத்தி வைத்தது.

நாளைக் காலை ஏழு மணிக்கு அந்த வேன் மறுபடி கிளம்புகிறது. அதே பட்டைகளோடு! பத்து நாட்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்தேன். பொதுக்குழு முடியட்டும், பார்க்கலாம் என்றார்கள். கூடவே ஒரு யோசனையும் சொன்னார்கள். அறிக்கையில் கொஞ்சம் சூட்டைக் குறைத்தால், நிர்வாகக் குழுவில் காலியாகும் ஓர் இடத்தை இளைஞர் என்ற முறையில் எனக்கே தரலாமாம். லட்சுமணன் ஐயா, தலையை ஆட்டாதீர்கள். நீங்கள் கெட்டவர் அல்ல. கேள்வி கேட்கப்படாதவர். பதினான்கு வருடம் கேள்வி கேட்கப்படாமல் இருந்தால் நானும் இப்படித்தான் ஆவேன்.

அந்த இடம் எனக்கு வேண்டாம். அதற்கு ஒரு பெயரை முன்மொழிகிறேன். ஆராயி!

சலசலப்பு கேட்கிறது. அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதே என்கிறீர்கள். ஒன்பது பேருக்கு இங்கிலீஷ் தெரியும். பட்டை கெட்டிருப்பதைக் கண்டுபிடித்தது யார்? உறுப்பினர் அல்லாதவர் எப்படிக் குழுவில் உட்காரலாம் என்கிறீர்கள். விதி பதினொன்று: பொதுக்குழு விரும்பினால் வெளியாள் ஒருவரை நியமிக்கலாம். இதே விதியில்தான் போன முறை கட்டட கான்ட்ராக்டர் ஒருவர் உள்ளே வந்தார். அப்போது யாரும் சலசலக்கவில்லை.

அவர் சம்மதத்தை நேற்றே கேட்டுவிட்டேன். காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே சொன்னார்.

"எனக்கு மேடையெல்லாம் வேணாந் தம்பி. என் வெரல நீங்க திருப்பித் தரப் போறதில்ல. எங்க வரிசையில இன்னும் எத்தினி பேருக்கு நூத்தி நாப்பதுன்னு சொல்லி வச்சிருக்கீங்க? மொதல்ல அவங்களக் கூப்புட்டு ரத்தம் எடுங்க. அதுக்கு ஒக்காரணும்னா வந்து ஒக்காருறேன்."

பொறுப்பு என்றால் இதுதான். அறுபது பக்கத்தில் நான் எழுதத் தவித்ததை அந்த அம்மா ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

ஆகவே என் தீர்மானம் இது. நாளை வேன் கிளம்பக் கூடாது. முந்நூற்று எண்பது பேருக்கும் இந்த வாரமே ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை. ஆராயி அம்மாவுக்கு நிர்வாகக் குழுவில் முழு வாக்குரிமையோடு ஓர் இடம். பெட்டியில் விழும் கடிதங்கள் இனி ஒவ்வொரு கூட்டத்திலும் உரக்கப் படிக்கப்பட வேண்டும். இதற்குக் கைதட்டல் செல்லாது. ஓர் உறுப்பினர் எழுந்து வழிமொழிய வேண்டும். பிறகு கையை உயர்த்தி வாக்களிக்க வேண்டும், எண்ண வேண்டும்.

வழிமொழிய யார் இருக்கிறீர்கள்?

அவசரமில்லை. நிற்கிறேன்.

முன்வரிசையில் யாரும் இல்லையா? சரி. நடுவரிசை?

தூணுக்குப் பக்கத்தில் எழுந்து நிற்பது யார்? ஜ்யோத்ஸ்னா! ஆமாம் தலைவர் அவர்களே, அவரும் ஆயுள் உறுப்பினர்தான், பதிவேட்டைப் பாருங்கள். அம்மா, நீங்கள் ஒன்றும் பேச வேண்டியதில்லை. அழவும் வேண்டியதில்லை. நிமிர்ந்து நின்றதே போதும்.

தலைவர் அவர்களே, தீர்மானம் முறைப்படி உங்கள் முன் இருக்கிறது. வேனின் சாவி உங்கள் மேஜையில் இருக்கிறது. எண்ணத் தொடங்குங்கள். இவ்வளவு நேரம் என் கடுஞ்சொல்லைப் பொறுத்த பெரியோர்களுக்கும், எனக்கு முன்பே உண்மையைச் சொல்லிவிட்ட தாய்மார்களுக்கும் நன்றி கூறி, உயரப்போகும் கைகளை வணங்கி விடைபெறுகிறேன். வணக்கம்.