ரிலீஸ் பேரிங்

கிளட்சை மிதிக்கும்போது கீச்சென்று சத்தம் வந்து, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் ரிலீஸ் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். உள்ளங்கையில் அடங்கிவிடும் சாமான் அது. ஆனால் அதை மாற்ற கியர் பாக்ஸையே கீழே இறக்க வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. வீட்டிலேயே செய்யலாம் சார், இரண்டு பேர் இருந்தால் போதும். ஒருவர் காருக்கு அடியில் படுக்க வேண்டும், ஒருவர் மேலே நின்று கயிற்றைப் பிடிக்க வேண்டும்.

மத்திகிரியில் எங்கள் வீட்டு வாசலில் அப்படித்தான் செய்தோம். அடியில் படுத்தது என் மருமகன் தமிழரசன். கயிறு என் கையில் இருந்தது. கியர் பாக்ஸ் கழுத்தில் விழுந்து அவன் இறந்துபோனது உங்கள் ஃபைலில் விபத்து என்று இருக்கும். அப்போது இங்கே வேறு இன்ஸ்பெக்டர் இருந்தார். அதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். டீ வேண்டாம், இப்போதுதான் குடித்தேன்.

எங்கள் வீட்டுப் பேச்சு கன்னடம். மனைவி ஜோதியம்மாள் போனபோது மகள் சுசித்ராவுக்குப் பால்பல்கூட விழவில்லை. தலை பின்னிவிட்டு, டிபன் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் ஷிப்டுக்கு ஓடுவேன். அவள் சிங்காரப்பேட்டைத் தமிழ்ப் பையன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தியபோது நான் தடுக்கவில்லை. அடுத்த தெருவிலேயே வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுத்தேன். தினமும் சாயங்காலம் வந்துவிடுவாள். அவனும் என்னைச் சந்தோஷப்படுத்த அவளிடம் கன்னடம் கற்றுக்கொண்டான். சாப்பிட்டாச்சா என்பதற்கு, "ஊட்ட ஆய்த்தா, மாமா?" என்று வாசலில் நின்றே கேட்பான். அவன் கன்னடத்தைக் கேட்டால் எருமைகூடச் சிரிக்கும். ஆனாலும் கேட்க நன்றாக இருக்கும்.

அவனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் கஷ்டமாகப் போயிற்று. குடிப்பவனாகவோ, கை நீட்டுபவனாகவோ இருந்திருந்தால் மகளை என் வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருப்பேன். ஊரும் சரி என்றிருக்கும்.

அவன் கம்பெனி குஜராத்தில் புது பிளான்ட் திறந்தது. அங்கே அவனுக்கு சூப்பர்வைசர் வேலை. சாமான் லாரியில், இவர்கள் காரில் என்று முடிவாயிற்று. "அங்க போய் செட்டிலானதும் உங்களையும் கூட்டிக்கிறோம்ப்பா" என்று கன்னடத்தில் சொன்னாள் சுசித்ரா. எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதான். காலி வீட்டில் ஒருத்தனுக்கு மட்டும் உலை வைப்பதை நினைத்தால் பயமாக இருந்தது. காரின் கிளட்சிலோ அந்தக் கீச்சுச் சத்தம், அதோடு அவ்வளவு தூரம் போக முடியாது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். "அவரு எதுக்கு, நாமளே எறக்கிடலாம். கம்பெனில செயின் பிளாக்ல நான் தூக்காத வெயிட்டா?" என்று சொன்னவன் நான்தான்.

காரின் முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றினோம். என்ஜினுக்கு மேலே குறுக்காக ஓர் இரும்புப் பைப், அதில் கயிறு, கயிற்றில் கியர் பாக்ஸ். போல்ட்டுகளைக் கழற்றியதும் அவன் மல்லாந்து படுத்து, அதை ஆட்டி ஆட்டி வெளியே இழுத்தான். கயிற்றைத் தளர்த்த வேண்டியபோதெல்லாம், "ஸ்வல்ப பிடி, மாமா" என்று கன்னடத்தில் சொன்னான். நானும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். கன்னடத்தில் 'பிடி' என்றால் 'விடுங்கள்'. மரியாதையான சொல். தமிழில் 'பிடி' என்றால் விடாதே. முதல் எழுத்தின் ஒலியில்தான் சின்ன வித்தியாசம், காருக்கு அடியிலிருந்து வந்தால் அதுவும் தெரியாது. அவன் "பிடி, பிடி" என்று கத்தினான் என்றுதான் அன்றைக்கு எழுதிக் கொடுத்தேன். எந்த மருமகன் மாமனாரை 'பிடி' என்று ஏவுவான், தமிழாக இருந்தால் 'பிடிங்க' என்றல்லவா சொல்லியிருப்பான், அதனால் கன்னடம் என்று நினைத்துக் கயிற்றை விட்டுவிட்டேன் என்றேன். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார். "ஓசூர்ல மூணு பாஷைய வச்சிக்கிட்டு இன்னும் என்னென்ன ஆவுமோ, பெரியவரே" என்றார். தமிழரசனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாஷ பண்ண பாவம், நீங்க என்ன செய்வீங்க சம்பந்தி" என்று அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

சுசித்ரா என் வீட்டுக்கே வந்துவிட்டாள். பழைய அறை, பழைய கட்டில். ஆனால் அன்றிலிருந்து அவள் வாயில் கன்னடம் வருவதில்லை. பெற்ற அப்பனிடம் தமிழில்தான் பேசுகிறாள், அதுவும் கேட்டால்தான். ஒருநாள் தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே, "நாந்தாம்ப்பா அவர கொன்னுட்டேன்" என்றாள். "உங்களுக்குப் புடிக்கட்டும்னு நாந்தான அவருக்கு கன்னடம் சொல்லிக் குடுத்தேன்."

"சாப்பிடும்மா" என்றேன்.

நடந்தது இதுதான். கியர் பாக்ஸ் நழுவி, முழுப் பாரமும் கயிற்றுக்கு வந்தது. அவன் கத்தவில்லை. குரல் கொஞ்சம் பதறியது, அவ்வளவுதான். "பிடிங்க மாமா" என்றான். சுத்தமான தமிழ். அந்த நேரத்திலும் அவனுக்கு 'ங்க' விட்டுப்போகவில்லை. எனக்குத் தெளிவாகக் கேட்டது. கயிறு வழுக்கவில்லை, என் கையும் ஓயவில்லை. அவனுக்கு ஒரு கை ஒடிந்தால் குஜராத் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் பாரம் எங்கே இறங்கும் என்பது ஆயுசெல்லாம் செயின் பிளாக் இழுத்தவனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். தெரிந்துதான் விட்டேன்.

இவ்வளவு நாள் கழித்து ஏன் வந்தாய் என்று கேட்கிறீர்கள். மகள் செய்யாத பாவத்தைச் சுமக்கிறாளே, அதை இறக்கி வைக்கத்தான். பெற்றவன் வேறு எதற்கு வருவான்? நேற்று அவள் பெட்டி கட்டிவிட்டாள். சிங்காரப்பேட்டைக்குப் போய் மாமியாரோடு இருக்கப் போகிறாளாம், இனி இந்தப் பக்கம் வரப் போவதில்லையாம். வியாழக்கிழமை கிளம்புகிறாள்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கேஸ் நடந்தால் அவளும் சாட்சி சொல்ல வர வேண்டியிருக்கும், இல்லையா சார்? ஓசூர் கோர்ட்டில்தானே நடக்கும்? அது முடிகிறவரை ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், கேட்டுக்கொள்வாள்.