பேசாத போன்

— பல்லு வலின்னு நான் சொன்னது ஒரே ஒருத்திகிட்டதான். அது உனக்கு எப்படித் தெரிஞ்சுது? முதல்ல அதைச் சொல்லு.

— சொல்லத்தான் அக்கா, உங்க கடையைத் தேடிப் பிடிச்சு வந்தேன். உள்ள யாராவது இருக்காங்களா?

— என் வீட்டுக்காரர் பின்னால இஸ்திரி போட்டுக்கிட்டு இருக்கார். நடுவுல கதவு இருக்கு, நீ பேசு. மருந்துக் கடை வரிசையில என் முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, பல்லு வலி பரவாயில்லையா அக்கான்னு கேட்டே. திரும்பிப் பார்த்தா யாரோ எவரோ. என்ன ஏதுன்னு கேக்கறதுக்குள்ள மருந்து கூட வாங்காம ஓடிட்டே.

— வேணும்னு கேக்கலை. நீங்க கவுன்ட்டர்ல பேசினீங்க. குரல் காதுல விழுந்ததும், தெரிஞ்சவங்களைப் பார்த்த மாதிரி வாய் தானா கேட்டுருச்சு. எங்க வேலையில செய்யவே கூடாத தப்பு அது.

— அப்படி என்ன வேலை உனக்கு?

— கேக்கற வேலை.

— எதை?

— போன்ல பேசறதை. சர்க்கார் உத்தியோகம்தான் அக்கா. சுருக்கமா சொன்னா, காதுல மாட்டிக்கிட்டு உக்காந்து, அடுத்தவங்க பேசறதைக் கேட்டு எழுதணும். உங்க போனை ஒன்றரை வருஷமா நான்தான் கேக்கறேன்.

— என்னது?

— அக்கா, அந்தக் கத்திரிக்கோலைக் கொஞ்சம் கீழ வச்சிடுங்க.

— பயப்படாதே, உன்னை வெட்டி எனக்கு என்ன ஆகப் போகுது. ஒன்றரை வருஷமா? அப்போ நான் என் பொண்ணுகிட்ட அழுததெல்லாம்?

— கேட்டேன்.

— பேரன் பொறந்தப்போ போன்லயே அவனுக்குத் தாலாட்டு பாடினேனே, அது?

— அதையும் கேட்டேன். அன்னிக்கு மட்டும் நான் ஒண்ணும் எழுதலை.

— பெரிய உபகாரம் பண்ணிட்டே போ. நான் என்ன கொள்ளைக்காரியா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கால்சட்டை தைக்கறவ. என் போன்ல உங்களுக்கு என்ன வேலை?

— நீங்க ஒண்ணும் பண்ணலை. உங்க பொண்ணு விமான நிலையத்துல சரக்குப் பிரிவுல இருந்தாங்க. அங்க வேலை பார்க்கறவங்க யார்கிட்டப் பேசினாலும் அந்தப் போன் எங்க ரூமுக்கு வந்துரும். அப்புறம் ரயில்வேன்னாங்க, மின்சார வாரியம்னாங்க, பேப்பர்காரங்கன்னாங்க. அப்படியே சேர்த்துச் சேர்த்து இப்போ ஊரே எங்க காதுலதான் இருக்கு. எங்களுக்கு நம்பர்தான் தெரியும். நம்பரைச் சொல்லிப் பேச முடியாதுன்னு நாங்களே ஆளுக்கொரு பேர் வச்சுக்குவோம். உங்களுக்குக் கத்திரிக்கோல் அக்கா. பேசிக்கிட்டே துணி வெட்டுவீங்க இல்லையா, அந்தச் சத்தம் வரும்.

— பேர் வேற வச்சீங்களா. நல்லா இருக்கு உங்க விளையாட்டு.

— டெய்லரம்மா, அங்க யாரு?

— அளவு குடுக்க வந்திருக்காங்க, நீங்க இஸ்திரியைப் பாருங்க. ஏய், கையைத் தூக்கு. சும்மா தூக்கு, டேப்பைப் பிடிக்கறேன். அவருக்கு எதுவும் தெரியாது. காதலிச்சவன் பின்னால போனவ எனக்குப் பொண்ணே இல்லைன்னு சொன்ன மனுஷன். அவகிட்ட நான் பேசறேன்னு தெரிஞ்சா கடையை ரெண்டாக்கிடுவார். மெதுவாப் பேசு.

— தெரியும் அக்கா. அவர் கடைத்தெருவுக்குப் போனப்புறம்தானே பொண்ணுக்குப் போன் போடுவீங்க.

— அதுவும் தெரியுமா. என் வீட்டு அடுப்படியில என்ன பாத்திரம் இருக்குன்னு சொல்லேன் பார்ப்போம். சரி, வந்த காரியத்தைச் சொல்லு. மன்னிப்புக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தியா?

— மன்னிப்பு கேட்டா தீருமா? நாளன்னிக்குக் காலையில நான் கோர்ட்ல போய் எல்லாத்தையும் சொல்லப் போறேன். நீங்களும் வரணும்.

— நானா? எதுக்கு?

— ஒரு வக்கீலம்மா வழக்கு போட்டிருக்காங்க, சர்க்கார் எல்லார் போனையும் கேக்குதுன்னு. நீதிபதி என்ன சொல்றார், யார் போனைக் கேட்டாங்களோ அந்த ஆளைக் கொண்டு வந்து நிறுத்துங்க, இல்லைன்னா வழக்கைத் தள்ளிடுவேங்கறார். போனைக் கேட்ட எங்களுக்குத்தான் எந்தப் போன்னு தெரியும். பேசினவங்களுக்குத் தெரியாது. நாங்க வாயைத் திறந்தா ஜெயில். இந்த முடிச்சை அவிழ்க்க இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் வேணும்.

— ஏன், திருடனையும் குண்டு வைக்கறவனையும் பிடிக்க வேண்டாமா? அதுக்குத்தானே உங்களை உக்கார வச்சிருக்காங்க?

— பிடிக்கணும். ஒரு தடவை பிடிச்சோம் அக்கா, பொய் சொல்ல மாட்டேன். ஒரு கட்டடத்துக்குத் தீ வைக்கப் பேசிக்கிட்டு இருந்தாங்க, ஆள் சாகறதுக்குள்ள பிடிச்சாச்சு. அன்னிக்கு எனக்குப் பெருமையாத்தான் இருந்தது. ஆனா அவங்க மேல சந்தேகம் இருந்தது, நீதிபதி கையெழுத்து இருந்தது. உங்களுக்கு யார் கையெழுத்துப் போட்டது? ஒரு திருடனைப் பிடிக்க ஊர்ல எல்லா வீட்டுக் கதவையும் கழட்டி எடுத்துக்கிட்டா, அப்புறம் யாரு திருடன்?

— பேச நல்லாத்தான் பேசறே. பேப்பர்காரங்ககிட்டப் போய் சொல்ல வேண்டியதுதானே.

— சொன்னா கொஞ்ச நாள் ஊரே பேசும். அப்புறம் வேற பேச்சு வந்துரும், எங்க ரூம்ல லைட் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். கோர்ட் சொன்னாத்தான் அதை அணைக்க முடியும்.

— உனக்குக் குடும்பம் இல்லையா? புருஷன் என்ன சொல்றார்?

— சொன்ன நாள்ல இருந்து அவர் என்கிட்ட முகம் குடுத்துப் பேசலை. சத்தியம் பண்ணிக் கொடுத்துட்டு அதை மீறலாமான்னு ஒரே கேள்விதான் கேட்டார். எனக்கும் அந்தக் கேள்வி அறுத்துக்கிட்டேதான் இருக்கு அக்கா. சத்தியம் பண்ணினது நாட்டைக் காப்பாத்தத்தானே. அந்த நாட்டுல நீங்களும்தானே இருக்கீங்க. இன்னிக்குக் காலையில பார்த்தா, என் நல்ல சட்டையைத் தேய்ச்சு ஆணியில மாட்டி வச்சிருக்கார், கோர்ட்டுக்குப் போட்டுக்கிட்டுப் போன்னு.

— நல்ல மனுஷன்தான். ஆனா என்னை விட்டுடு. நான் அழுததை நீ கேட்டது பத்தாதுன்னு, நடுக் கோர்ட்ல வக்கீல் எடுத்துப் படிக்கணுமா? என் வீட்டுக்காரர் அதைக் கேட்டு என்னை வாசல்ல நிறுத்தணுமா? போம்மா, வேற யாரையாவது பாரு.

— உங்க பொண்ணை வேலையை விட்டு நிறுத்தினாங்களே, ஏன்னு தெரியுமா?

— காரணமே சொல்லலைன்னு அழுதா. உள்ள விடற பாஸைப் பிடுங்கிக்கிட்டு, நாளைல இருந்து வராதேன்னுட்டாங்களாம். கைக்குழந்தையை வச்சுக்கிட்டுத் திண்டாடறா. உனக்குத் தெரியுமா? ஏன்?

— சுருக்கமா சொன்னா...

— சுருக்கறதை உங்க ரூமோட வச்சுக்கோ. என்கிட்ட முழுசா சொல்லு.

— அவங்களுக்கு ஒரு போன் வரும். அவங்க ஹலோ ஹலோம்பாங்க, அந்தப் பக்கம் பேச்சே இருக்காது. மூச்சு விடறது மட்டும் கேக்கும். கொஞ்ச நேரத்துல வச்சிரும். வாரா வாரம் இதேதான். நாங்க அதுக்கு ஊமைன்னு பேர் வச்சோம்.

— அவளும் சொன்னா. யாரோ பொறுக்கிப் பயன்னு நினைச்சுப் பயந்துக்கிட்டு இருந்தா.

— எங்க ரூம்ல கெட்ட வார்த்தை பேசினாக்கூட விட்டுருவாங்க. பேசாத போனை விட மாட்டாங்க. அதுல ஏதோ சைகை இருக்கு, ஹலோவை இத்தனை தடவை சொன்னா இந்த அர்த்தம்னு கணக்குப் போடுவாங்க. திரும்பத் திரும்ப வந்தா சிவப்புக் குறி வைக்கணும்னு விதி. வச்சேன். குறி விழுந்ததும் விமான நிலையத்துக்குத் தகவல் போயிருச்சு, அவங்க வேலையும் போயிருச்சு.

— அடிப் பாவி. வச்சது நீயா?

— நான்தான். திட்டுங்க, எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. அப்புறம் ஒரு நாள் அதே போன்ல இருந்து ஊமை வேற ஒரு இடத்துக்குப் பேசினார். அதைக் கேட்டதும் யாருன்னு புரிஞ்சு எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அதுல சைகையும் இல்லை, சதியும் இல்லை. மேலதிகாரிகிட்ட ஓடினேன், சார், குறியை எடுத்துடுங்கன்னு கெஞ்சினேன். அவர் சாவகாசமா டீ குடிச்சுக்கிட்டே, குறி வைக்கத்தான்மா நமக்கு வழி இருக்கு, எடுக்க வழி இல்லைன்னார். அன்னிக்குத்தான் வக்கீலம்மா வீட்டைத் தேடினேன்.

— யார் அவன்?

— அக்கா...

— என் பொண்ணு பிழைப்பைக் கெடுத்தவன் யாருன்னு கேக்கறேன்.

— கெடுத்தது அவர் இல்லை. ஒருத்தருக்குப் போன் பண்ணிட்டுப் பேசாம இருக்கறது குத்தமா? கெடுத்தது நாங்க.

— அதெல்லாம் அப்புறம். எனக்குப் பேர் வேணும். உனக்கு என்ன, நான் கோர்ட்டுக்கு வரணும், அவ்வளவுதானே? வர்றேன். அவர் கடையை ரெண்டாக்கினாலும் சரி, என்னை வெளிய தள்ளினாலும் சரி, எல்லார் முன்னாடியும் நின்னு, அழுதது நான்தான்னு சொல்றேன். நீ பேரைச் சொல்லு.

— சொல்ல மாட்டேன்.

— நான் இல்லைன்னா உன் வழக்கு நிக்காது.

— நிக்காது.

— நீ ஜெயிலுக்குப் போவே.

— எப்படியும் போவேன். அக்கா, அடுத்தவங்க ரகசியத்தைக் கேட்டதுதான் தப்புன்னு சொல்ல நான் போறேன். அந்தத் தப்பை உங்ககிட்ட வித்து உங்களைக் கூட்டிக்கிட்டுப் போனா, எனக்கும் அந்த ரூமுக்கும் என்ன வித்தியாசம்? உங்களைப் பத்தி உங்ககிட்ட சொன்னேன், அது உங்களோடது. அவர் கதை அவரோடது. அவரா சொன்னா உண்டு. நான் கிளம்பறேன்.

— இரு. அவருக்கும் இதே மாதிரி எதிர்ல நின்னு சொல்லுவியா?

— தைரியம் வந்தா சொல்லுவேன். உங்ககிட்ட வரதுக்கே ரெண்டு தடவை தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன்.

— கல் நெஞ்சுக்காரிடி நீ. கோபம் கோபமா வருது, ஆனா உன்மேலதான் நம்பிக்கையும் வருது. பேர் வேண்டாம் போ. நான் வர்றேன். என் வீட்டுக்காரர்கிட்ட இன்னிக்கே நானே சொல்லிடறேன், நடக்கறது நடக்கட்டும்.

— அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

— யோசிச்சாச்சு. என்னங்க... ஐயோ, நீங்க எப்போ கதவைத் திறந்தீங்க? எவ்வளவு நேரமா நிக்கறீங்க?

— பொண்ணுக்கு வேலை போன பேச்சு வந்தப்பவே வந்துட்டேன்.

— என்னைத் திட்டறதுன்னா அப்புறம் திட்டுங்க, வெளி ஆள் இருக்காங்க. ஆமா, நான் பேசினேன், இனிமேலும் பேசுவேன். உக்காருங்க முதல்ல.

— அந்தப் பொண்ணை உக்காரச் சொல்லு. எனக்காக வாயை மூடிக்கிட்டு ஜெயிலுக்குப் போறேங்குது.

— உங்களுக்காகவா?

— நம்ம பொண்ணு ஹலோ சொல்றதைக் கேட்டா போதும்னு இருந்தேன், எனக்குப் பேச வாய் வரலை. ஊமை நான்தான். நாளன்னிக்குக் கோர்ட்ல பேசறேன்.